துக்கத்தில் இருக்கும் பெண் சொல்வதை முடிவாக எடுத்துக்கொள்ளலாமா?

நீங்கள் எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து மாதத்துக்கு முன்னால் கார் விபத்தில் உங்கள் அக்கா, மாமா, அவர்கள் பையன் மூன்று பேரும் போய்விட்டார்கள். அன்று டியூஷன் இருந்ததால் வண்டியில் ஏறாத மூத்த பெண் மட்டும் மிச்சம். 17 வயது, 12ஆம் வகுப்பு, இப்போது உங்கள் வீட்டில் இருக்கிறாள். இரண்டு மாதமாக அவள் தலைக்குக் குளிக்கவில்லை என்று கவனித்து மெடிக்கலில் கிட் வாங்கிப் பார்த்தால் இரண்டு கோடு. டியூஷனில் பழகிய 19 வயதுப் பையன் என்று சொல்கிறாள். பெரியவர்கள் வருஷம் திரும்புவதற்குள் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்கிறார்கள், உங்கள் கணவர் வெளியே தெரியாமல் கலைத்துவிடலாம் என்கிறார், அவளோ “அம்மாதான் திரும்பி வர்றாங்க சித்தி, என்னை ஒண்ணும் பண்ணச் சொல்லாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நீங்கள் கேட்டது எத்தனை மாதம் வரை கலைக்கலாம், கையெழுத்து நான் போடலாமா என்று. ஆனால் உங்கள் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது: “இந்த நிலைமையில் அவள் சொல்வதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கணுமா?”

எடுத்துக்கணும். துக்கம் தூக்கத்தைக் கெடுக்கும், பசியைக் கெடுக்கும், ஒரே விஷயத்தை நாலு தடவை சொன்னால்தான் மனதில் நிற்கும், நேற்று சொன்னதை இன்று மாற்றிச் சொல்ல வைக்கும். அதற்காக யோசிக்கிற திறமையே போய்விட்டது என்று ஆகிவிடாது. மெதுவாக, திரும்பத் திரும்ப, முடிந்தால் எழுதிக் காட்டி அவளிடம் பேச வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அவளைக் கேட்காமல் உட்கார்ந்து பேசி முடிக்க இது காரணம் ஆகாது.

நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. சமூகப்பணி படித்துவிட்டு 2005இல் நாகப்பட்டினம் கடற்கரையில் சுனாமியில் வீட்டாரை இழந்தவர்களோடு வேலை செய்யத் தொடங்கினேன், அப்புறம் பல வருஷம் அரசு மருத்துவமனை ஒன்றின் மகப்பேறு வார்டில் கவுன்சலராக இருந்தேன். சட்டம் பற்றி நான் சொல்வது வார்டில் தினமும் புழங்கியதால் தெரிந்தது. உங்கள் விஷயத்துக்கு என்று வரும்போது ஒரு வக்கீலிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள், செலவில்லாமல் அதற்கு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

மற்ற எதற்கும் முன்னால் வாரக் கணக்கு தெரிய வேண்டும். துக்கம் ஆறுவதற்குக் கெடு கிடையாது, கர்ப்பத்துக்கு உண்டு. “இரண்டு மாசமா இல்லை” என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்துதான் டாக்டர்கள் வாரம் எண்ணுவார்கள், ஆனால் பெரிய அதிர்ச்சியிலும் சாப்பாடு குறைந்து எடை இறங்கும்போதும் மாதவிலக்கு தானாகவே தள்ளிப்போகும், அதனால் அவள் சொல்கிற தேதி தப்பாக இருக்கலாம். முதல் மூன்று மாதத்துக்குள் ஸ்கேன் எடுத்தால் ஒரு வாரம் முன்பின்னாகச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். கரு கர்ப்பப்பைக்குள் இருக்கிறதா, கருக்குழாயில் சிக்கியிருக்கிறதா என்பதும் அதில்தான் தெரியும். குழாயில் இருந்தால் முடிவெடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை, உயிருக்கு ஆபத்து, உடனே சிகிச்சை. கூடவே ஹீமோகுளோபினும் ரத்த வகையும் பார்த்துவிடுங்கள்.

ஸ்கேனுக்கு நீங்கள் மட்டும் கூடப் போங்கள். உள்ளே போவதற்கு முன்னால் ஸ்கிரீனைப் பார்க்க விருப்பமா, சத்தம் கேட்க விருப்பமா என்று அவளிடம் கேட்டு டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஏனென்றால் பல இடங்களில் நல்லெண்ணத்தில் ஸ்கிரீனைத் திருப்பி “இதோ பாரும்மா ஹார்ட் பீட்” என்று காட்டிவிடுவார்கள், கல்யாணமாகி வருகிற பெண்ணுக்குச் சந்தோஷமாக இருக்கிற அந்தச் சத்தம் இவளை எப்படித் தாக்கும் என்று யாருக்கும் தெரியாது. வேண்டாம் என்றால் அந்தப் பக்கம் திருப்பி வைப்பார்கள். பெண் குழந்தையா என்று அவள் கேட்டாலும் கேட்பாள், அம்மாதான் என்று நம்புகிறவள் இல்லையா. அதைச் சொல்வது 1994ஆம் வருஷச் சட்டப்படி குற்றம், சொல்ல மாட்டார்கள் என்று முன்கூட்டியே அவளுக்குச் சொல்லி வையுங்கள்.

இனி சட்டம். 2021இல் திருத்திய கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரை பதிவுபெற்ற ஒரு டாக்டரின் கருத்து போதும். 20லிருந்து 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் வேண்டும், அது சில வகைப் பெண்களுக்கு மட்டும்தான், மைனர் பெண்கள் அந்த வகையில் வருகிறார்கள். அதற்கு மேல் போனால் கோர்ட்டுக்கு நடக்க வேண்டியிருக்கும். மாத்திரை மூலம் கலைப்பது 9 வாரம் வரைதான், அதுவும் டாக்டர் கண்காணிப்பில். மெடிக்கல் ஷாப்பில் யாரையாவது பிடித்து மாத்திரை வாங்கி வீட்டிலேயே கொடுத்துவிடலாம் என்று உங்கள் கணவருக்கு யோசனை இருந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். வாரம் தெரியாமல், ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் மாத்திரை போட்டு, பாதி கலைந்து பாதி தங்கி, ராத்திரி இரண்டு மணிக்கு வெளுத்துப்போய் ஸ்ட்ரெச்சரில் வருகிற பெண்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கையெழுத்து நீங்கள் போடலாம். 18 வயது ஆகாதவளுக்குக் காப்பாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்பதுதான் விதி. காப்பாளர் என்றால் கோர்ட் நியமித்தவர் என்று அர்த்தம் இல்லை, மைனரைத் தன் பராமரிப்பில் வைத்திருப்பவர் என்றுதான் அந்தச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் “அப்பா அம்மா எங்கே, கோர்ட் ஆர்டர் இருக்கா” என்று கவுண்டரில் கேட்பார்கள். மூன்று பேரின் இறப்புச் சான்றிதழ் நகல், உங்கள் ஆதார், அவள் ஆதார், அவள் உங்கள் வீட்டில்தான் இருக்கிறாள் என்று காட்ட ஏதாவது ஒரு காகிதம், எல்லாம் ஒரே ஃபைலில் கையில் இருக்கட்டும்.

ஆனால் உங்கள் கையெழுத்து அவள் சம்மதத்துக்குக் கூடுதலாக வருவது, அவள் சம்மதத்தின் இடத்தில் வருவது இல்லை. 2009இல் சண்டிகர் வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசு காப்பகத்தில் இருந்த ஆதரவற்ற பெண், மனவளர்ச்சி கொஞ்சம் குறைவு, பாலியல் வன்கொடுமையால் கர்ப்பம். அவள் நன்மைக்குத்தான் என்று கலைக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவளோ குழந்தை வேண்டும் என்றாள். அவள் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் நிறுத்திவிட்டது. அவள் மேஜர் என்பதால் உங்கள் விஷயத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் 2024இல் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமியின் வழக்கிலும், காப்பாளரும் சிறுமியும் வேறு வேறு சொன்னால் சிறுமியின் விருப்பத்தை முக்கியமாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. வார்டில் என் அனுபவமும் இதுதான்: பெண் தலையை ஆட்டி மறுக்கும்போது, வீட்டார் எவ்வளவு சத்தம் போட்டாலும் நல்ல டாக்டர் கை வைக்க மாட்டார்.

அடுத்தது நீங்கள் கேட்காமல் விட்டது, போலீஸ். மறைத்துப் பேசிப் பிரயோஜனம் இல்லை. 18க்குக் கீழே உள்ள பெண்ணின் சம்மதத்தை போக்சோ சட்டம், அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம், சம்மதமாகவே எடுப்பதில்லை, கர்ப்பமானால் அது இன்னும் கடுமையான பிரிவில் போகும், 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே 20 வருஷம். டாக்டர் தகவல் சொல்லியாக வேண்டும், சட்டத்தின் வாசகப்படி பார்த்தால் விஷயம் தெரிந்த எவருமே சொல்லியாக வேண்டும். இதற்குப் பயந்துதான் குடும்பங்கள் சந்துக்குள் இருக்கிற கிளினிக்கைத் தேடிப் போகின்றன. இதை உணர்ந்துதான் 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மைனரும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் டாக்டர் தன் தகவலில் அவள் பெயர், அடையாளம் சொல்லத் தேவையில்லை என்றது. இந்தத் தீர்ப்பு தெரியாத மருத்துவமனைகளும் இருக்கின்றன, அதனால் உள்ளே நுழையும்போதே அங்குள்ள கவுன்சலரிடமோ சீனியர் டாக்டரிடமோ நேரடியாகக் கேளுங்கள். வழக்கு என்று ஆகிவிட்டாலும் அவளை ஸ்டேஷனில் உட்கார வைக்கக் கூடாது. வீட்டிலோ அவளுக்கு வசதியான இடத்திலோ, முடிந்தவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும், பெயரும் படமும் எங்கும் வரக் கூடாது. அந்தப் பையன் கதி என்ன ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது. இப்படிப் பழகியவர்கள் மேல் போடும் வழக்குகளில் சட்டத்தின் நோக்கம் இது இல்லை என்று 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்திருக்கிறது, எல்லா வழக்கிலும் அப்படி நடக்கும் என்று நம்பி உட்கார முடியாது. மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மருத்துவமனைக்குப் போகிற அதே நாளில் அங்கேயும் போய்விடுங்கள்.

அந்தப் பையன் மட்டும்தானா என்று ஒரே ஒரு தடவை, தனியாக, முகத்தைப் பார்க்காமல் பாத்திரம் துடைத்துக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ கேளுங்கள். உங்கள் வீட்டில் யார்மீதும் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. மூன்று சாவு விழுந்த வீட்டில் ஆறுதல் சொல்ல ஆள் வந்துகொண்டே இருக்கும், யார் எந்நேரம் யாரோடு தனியாக இருந்தார் என்று எவரும் பார்ப்பதில்லை, அழுகிற பெண்ணைத் தொட்டு ஆறுதல் சொல்வதை யாரும் தப்பாக நினைப்பதும் இல்லை. பதில் மாறினால் கத்தாதீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்குப் பேசுங்கள். மாறாவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள். “அம்மா செத்து மூணு மாசத்துல இப்படியா” என்று உங்கள் மாமியார் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வீடே காலியானவர்கள் உடம்பின் நெருக்கத்தைத் தேடிப் போவதைப் பெரியவர்களிடமே சர்வசாதாரணமாகப் பார்த்திருக்கிறேன். அம்மாமேல் பாசம் இல்லாததால் வருவது இல்லை அது. இந்தக் கேள்வி அவள் காதில் இனி விழாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை.

கல்யாணம். துக்கம் விழுந்த வீட்டில் தலைதிவசத்துக்குள் ஒரு நல்லது நடக்கணும், இல்லையென்றால் தள்ளிப்போகும் என்கிற பேச்சு எனக்கும் பழக்கம். ஆனால் 18க்குள் செய்தால் அது குழந்தைத் திருமணம். பையனுக்கு 21 ஆகவில்லை என்பதால் அவள் 18 ஆன பிறகு செய்தாலும் அந்தச் சட்டத்தில் மாட்டும். தாலி கட்டிவிட்டால் போக்சோ போய்விடும் என்று நினைப்பதும் தப்பு, மனைவியாக இருந்தாலும் 18க்குக் கீழே என்றால் குற்றம்தான் என்று 2017 அக்டோபரிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. ஆவணியில் 18 முடிகிறது, அதுவரை அமுக்கி வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று யாராவது சொல்கிறார்களா? வாரக் கணக்கு பின்னால் போய், 18க்குள் கர்ப்பமானதைக் காட்டிக்கொடுக்கும், அதற்குள் 20 வாரமும் தாண்டியிருக்கும்.

இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்திருந்தார்கள். தார் ஷீட் கொட்டகைகளில் அம்மா இல்லாத 16, 17 வயதுப் பெண்களுக்குப் பாதுகாப்பு என்று சொல்லி அவசர அவசரமாகக் கல்யாணம் நடந்தது, சிலருக்கு மனைவியை இழந்த ஆண்களோடு. அப்படிக் கட்டிக்கொடுக்கப்பட்ட ஒருத்தி பல வருஷம் கழித்து இரண்டாவது பிரசவத்துக்கு எங்கள் வார்டுக்கே வந்தாள். “நிவாரணத்துல குடுத்த குக்கரைத் தேய்ச்சிட்டிருந்தேன் மேடம், பக்கத்துக் கொட்டகை அத்தை வந்து, உனக்கு தை மாசம் தேதி குறிச்சாச்சுன்னாங்க. அப்படியா அத்தைன்னுட்டு தேய்ச்சு முடிச்சேன்.” புருஷன் நல்ல மாதிரி, அடிதடி கிடையாது, அதையும் அவளே சொன்னாள். ஆனால் தன் அம்மாவுக்காக அழுததே முதல் பிரசவ வலியில்தான் என்றாள்.

இப்போது நீங்கள் மிகவும் பயந்திருக்கிற விஷயம், அந்த “அம்மாதான் வர்றாங்க”. மூளை குழம்பிவிட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. ஒரு சாவுக்குப் பிறகு வீட்டில் குழந்தை பிறந்தால், பேர் வைக்கிற அன்று யாராவது ஒரு கிழவி “ஆத்தாளே வந்து பொறந்திருக்கா” என்று சொல்லத்தானே செய்வாள்? ஊரே சொல்வதை ஒரு பெண் சொன்னால் மனநல டாக்டர்கள் அதை நோயாக எடுக்க மாட்டார்கள். துக்கமே நோயாகிவிட்டது என்று சொல்வதற்கும் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல்படி குறைந்தது 6 மாதம் தாண்டியிருக்க வேண்டும். அதனால் அந்த வார்த்தையை மறுத்து வாதாடாதீர்கள். அதே நேரம் அழுதுகொண்டே “ஆமாண்டி கண்ணு, அக்காதான்” என்று நீங்களும் சேர்ந்துகொள்ளாதீர்கள். நீங்களும் அக்காவைப் பறிகொடுத்தவர், சொல்லத் தோன்றும். ஆனால் தெரியவரும் கர்ப்பங்களில் பத்தில் ஒன்றாவது தானாகவே கலைந்துபோகிறது. அப்படி ஆகிவிட்டால் அவளுக்கு அம்மா இரண்டாம் தடவை செத்த கணக்கு ஆகிவிடும்.

வாதாடுவதற்குப் பதிலாக நான் கேட்கிற சில கேள்விகள் உண்டு. “பையன் பிறந்தா?” என்று கேட்பேன். “குழந்தைக்கு மூணாவது மாசம், ராத்திரி ரெண்டு மணி, அழுவுது. நீ எங்க இருக்க, பக்கத்துல யாரு இருக்கா, அடுத்த நாள் எங்க போகணும்?” என்று கேட்பேன். அப்புறம், கடைசியாகத்தான், “இந்தக் குழந்தை இல்லாமப் போனா உனக்கு என்ன போகும்?” ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்பதில்லை. இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு, ஒரு தடவை காலையில், ஒரு தடவை சாயங்காலம், அதே கேள்விகளைத் திரும்பக் கேட்பேன். சில பெண்கள் உடனே தொட்டில் எங்கே கட்டுவேன், ஸ்கூலுக்குப் போகும்போது யார் பார்த்துக்கொள்வார்கள் என்று பேச ஆரம்பிப்பார்கள், பையன் என்றாலும் சரி என்பார்கள். அங்கே குழந்தைக்கான ஆசை நிஜமாகவே இருக்கிறது, துக்கத்தோடு சேர்ந்து இருக்கிறது, அவ்வளவுதான். சிலருக்கு அந்த ராத்திரி இரண்டு மணியில் ஒன்றுமே தெரியாது, குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை வராது, அம்மா அம்மா என்று மட்டும் வரும். அப்படி இருந்தால் அவள் கேட்பது அம்மாவை. அதை அவளிடமே மெதுவாகச் சொல்லலாம், அவளே கண்டுபிடிப்பதும் உண்டு. இது வார்டில் கற்றுக்கொண்ட வழி, ஆராய்ச்சியில் நிரூபித்த பரிசோதனை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முடிந்தால் ஒரு நல்ல கவுன்சலர் கேட்பது நல்லது, 14416இல் டெலி மனஸ் என்கிற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசுவார்கள்.

ஒன்று மட்டும், வைத்துக்கொள்கிறேன் என்றால் துக்கத்தில் உளறுகிறாள், கலைத்துவிடுங்கள் என்றால் தெளிந்துவிட்டாள் என்று இரட்டைத் தராசு வைக்காதீர்கள். நாளைக்கே “எடுத்துடுங்க சித்தி” என்று சொன்னாலும் அதே கேள்விகளைக் கேளுங்கள். இனிமேல் யாரையும் நேசித்துப் பறிகொடுக்கத் தெம்பில்லை என்று அதற்குப் பின்னால் துக்கம்தான் இருக்கலாம். கலைத்தால் காலம் பூரா மனசு உறுத்தும் என்று பொதுவாகப் பயமுறுத்துவார்கள். அமெரிக்காவில் கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்களை ஐந்து வருஷம் தொடர்ந்து கேட்டுவந்த பெரிய ஆய்வில் 95 சதவீதத்துக்கும் மேல் எடுத்த முடிவு சரிதான் என்றார்கள். ஆனால் அவர்கள் தாங்களாகவே தேடிப் போனவர்கள். பிடித்துத் தள்ளி அனுப்பப்பட்ட பெண்ணுக்கு அந்தக் கணக்கைக் காட்டி ஆறுதல் சொல்ல முடியாது.

அவள் சுமப்பது என்று முடிவானால் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் என்கிற கர்ப்பிணிப் பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள், பின்னால் பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அரசு தருகிற முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் பணத்தை எதிர்பார்க்காதீர்கள், அதற்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். இந்த வயதில் ரத்தசோகை, ரத்தக்கொதிப்பு, குறைமாதம், எடை குறைந்த குழந்தை எல்லாமே இருபதுகளில் இருப்பவர்களைவிட அதிகம், சரியாகச் சாப்பிடாத பெண் என்றால் இன்னும் கவனம் வேண்டும். வளர்க்க முடியாது என்றால் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் முறைப்படி ஒப்படைக்கலாம், மனம் மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ள 60 நாள் அவகாசம் உண்டு. குழந்தை இல்லாத சொந்தக்காரருக்கு ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று பெரியப்பா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள், செல்லவும் செல்லாது, வழக்கும் வரும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று: செத்துப்போகணும்னு தோணுதா, அவங்ககிட்டயே போயிடலாம்னு தோணுதா என்று அவளிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அந்த வண்டியில் தானும் ஏறியிருக்க வேண்டியவள் என்று அவள் தினமும் நினைத்துக்கொண்டிருப்பாள், அதைச் சொல்லக்கூட ஆள் கிடைத்திருக்காது. ஆமாம் என்றால் ராத்திரி அவள் அறையில் நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள், மாத்திரைகள், பூச்சி மருந்து எல்லாம் எடுத்து மறைத்து வையுங்கள், தள்ளிப்போடாமல் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். ரத்தப்போக்கோ, ஒருபக்கமாக அடிவயிற்று வலியோ, மயக்கமோ வந்தால் 108, யாருக்குத் தெரியும் தெரியாது என்று யோசிக்க வேண்டாம்.

கடைசியாகப் பணம், இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். விபத்து இழப்பீட்டுக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போட சட்டம் 6 மாதக் கெடு வைத்திருக்கிறது, 2022 ஏப்ரலில் இருந்து. உங்களுக்கு 5 மாதம் ஓடிவிட்டது. விபத்து எங்கே நடந்திருந்தாலும் அவள் இப்போது வசிக்கிற மாவட்டத்திலேயே போடலாம், மைனர் சார்பில் நீங்கள் போடலாம், தொகையை அவள் பேரில் வங்கியில் போடச் சொல்வார்கள். கல்யாணம், கருக்கலைப்பு எதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, அவளுடைய பங்கு எங்கும் போகாது. அக்கா வீடும் நகையும் அப்படியே, கோர்ட் அனுமதி இல்லாமல் மைனர் பேரில் உள்ள வீட்டை நீங்கள் உட்பட யாரும் விற்க முடியாது. கல்யாணத்துக்கு ரொம்பவும் அவசரப்படுகிறவர் யாராவது அந்த வீட்டுப் பத்திரத்தைப் பற்றியும் விசாரிக்கிறாரா என்று கவனித்துக்கொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலும் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டும் உங்களிடம் இல்லை என்றால் இந்த வாரமே அந்த ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழுக்கும் விண்ணப்பம் போட்டுவிடுங்கள், அது வர நாளாகும்.